அழுக்குத் தண்ணி இறைக்கற சம்மர்சிபிள் பம்ப்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதிலும்

சென்னைல மடிப்பாக்கம் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன். ஐப்பசி அடைமழை ஆரம்பிச்சா போதும், போன் வெச்ச கையோட அடுத்த போன் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் சரி, 2023ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் சரி, தண்ணி நிக்கற தெரு மாறுது, ஆளு மாறுறாங்க, கேள்வி மட்டும் மாறல. முழங்கால் தண்ணில நின்னுட்டு போன்ல கேக்கறவங்களுக்கு பொறுமையா விளக்க முடியறதில்ல, அவங்களுக்கும் கேக்க நேரம் இல்ல. அதான் மழைக்கு முன்னாடியே உக்காந்து எழுதி வெச்சுட்டேன்.

சம்ப்ல ஏற்கனவே ஒரு மோட்டார் கிடக்குதே, அதையே தூக்கி பார்க்கிங்ல போட்டு இறைச்சா ஆகாதா?

ஒரு அரை மணி நேரம் ஓடும், அப்புறம் என் கடைக்கு வரும். சம்ப்ல இருக்கறது பெரும்பாலும் ஓப்பன்வெல் மோட்டார், நல்ல தண்ணிக்குன்னு செஞ்சது. அதோட இம்பெல்லர்ல, அதாவது சுத்தி தண்ணிய தள்ளற சக்கரத்துல, தண்ணி போற வழி ரொம்ப குறுகல், ரெண்டு பக்கமும் மூடியிருக்கும், ஒரு பால் பாக்கெட் கவர் துண்டு போனாலே அடைச்சுக்கும். மணல் தண்ணின்னா புஷ்ஷையும் இம்பெல்லரையும் அரைச்சு தள்ளிடும். மழை முடிஞ்சு நல்ல தண்ணிக்குத் திரும்ப சம்ப்ல இறக்கும்போது, அந்த மோட்டார்ல பாதி பிரஷர்தான் வரும்.

மேல வெச்சு ஓட்டற மோனோபிளாக்கும் இதுக்கு சரிப்படாது. அதுக்கு பைப்போட அடில ஃபுட் வால்வ் வேணும், ஓட்டறதுக்கு முன்னாடி பைப்ல தண்ணி ஊத்தி ரொப்பணும் (பிரைமிங்), ஒன்றரை அடி தண்ணில ஃபுட் வால்வ் முழுசா முங்காம காத்து இழுத்துடும். அழுக்குத் தண்ணிக்குன்னு இருக்கற சம்மர்சிபிள்ல இந்த தலைவலி இல்ல, பம்பே தண்ணிக்குள்ள உக்காந்து கீழேருந்து தள்ளுது.

கடைல டிரெயினேஜ் பம்ப், சீவேஜ் பம்ப், மட் பம்ப்னு மூணு காட்டறாங்க, எதை வாங்கறதுன்னே தெரியல

பம்ப் அட்டைல "சாலிட்ஸ்"னு போட்டு ஒரு மில்லிமீட்டர் கணக்கு இருக்கும், அத பாருங்க. டிரெயினேஜ் பம்ப்னா 5லேருந்து 10 மி.மீ வரைக்கும் உள்ள குப்பைய விடும், மழைத்தண்ணி, சம்ப் கழுவற தண்ணி, லிஃப்ட் குழித் தண்ணி இதுக்கெல்லாம் போதும். சீவேஜ் பம்ப்னா 25, 35, சிலது 50 மி.மீ கூட விடும், உள்ள இம்பெல்லர் ஒதுங்கி நின்னு சுழல் மட்டும் உண்டாக்கும், அந்த சுழல்லயே குப்பை வெளிய போயிடும், அதனால சீக்கிரம் அடைக்காது. மட் பம்ப் அதாவது ஸ்லரி பம்ப், அது பில்டிங் வேலைக்கு அஸ்திவாரக் குழில சேறு இறைக்கறதுக்கு, வெயிட் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி, வீட்டுக்கு வேண்டாம்.

தெருத்தண்ணி உள்ள வர்ற வீடுன்னா நான் சீவேஜ் டைப்தான் சொல்லுவேன். தெருத்தண்ணில கவர், துணி, தென்னை மட்டை நாரு எல்லாம் வரும். ஆனா ஒன்னு, 35 மி.மீ விடும்னா உருண்டையான சாமான்தான் விடும், துணியும் நாப்கினும் விடாது. அடைச்ச பம்ப பிரிச்சா பத்துல ஏழு எட்டுல ஷாஃப்ட சுத்தி துணி கயிறு மாதிரி முறுக்கிட்டு இருக்கும், பிளேடு போட்டு அறுத்துதான் எடுக்கணும்.

எத்தனை எச்பி வாங்கணும்? பக்கத்து வீட்ல 1 எச்பி வெச்சிருக்காங்க

எச்பி பார்த்து வாங்காதீங்க. ரெண்டே விஷயம்தான் பாக்கணும்: எவ்ளோ உயரம் தூக்கணும் (இதுதான் ஹெட்), அந்த உயரத்துல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வரும் (இதுதான் எல்பிஎம்). அட்டைல "மேக்ஸ் ஹெட் 8 மீட்டர், மேக்ஸ் ஃப்ளோ 250 எல்பிஎம்"னு போட்டிருந்தா, ரெண்டும் ஒரே நேரத்துல கிடைக்கும்னு நெனச்சுதான் எல்லாரும் ஏமாறுறாங்க. 8 மீட்டர் உயரத்துல ஒரு சொட்டு தண்ணி வராது, 250 லிட்டர் வரணும்னா உயரமே இருக்கக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம வேலை. கேட்டலாக்ல ஒரு வளைவு கோடு போட்டிருப்பாங்க, கடைக்காரர்கிட்ட அத கேட்டு வாங்கி பாருங்க.

உதாரணத்துக்கு, பாதி தரைக்குக் கீழ இருக்கற பார்க்கிங், 40 அடிக்கு 30 அடி, 2 அடி தண்ணி. பெருக்கினா 2400 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், மொத்தம் சுமார் 68,000 லிட்டர். பம்ப் உக்கார்ற இடத்துலேருந்து ராம்ப் மேல ஏறி காம்பவுண்ட் தாண்டி 14 அடி, அதாவது 4.3 மீட்டர். ஹோஸ்ல உரசிப் போறதுக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் சேத்துக்கோங்க, கிட்டத்தட்ட 6 மீட்டர். அந்த 6 மீட்டர்ல 150 எல்பிஎம் தர்ற பம்ப்னா ஏழரை மணி நேரம் ஆகும். இதுக்கு மேக்ஸ் ஹெட் 7 மீட்டர் போட்டத வாங்கினா ராத்திரி முழுக்க ஓடும், தண்ணி குழந்தை மூத்திரம் மாதிரி வரும். 10லேருந்து 12 மீட்டர் போட்டத வாங்குங்க. அது முக்கால் எச்பியா 1 எச்பியாங்கறது தானா வந்துடும்.

பம்புக்கு 2 இஞ்ச் வாய், வீட்ல 1 இஞ்ச் கார்டன் ஹோஸ் இருக்கு, ரெடியூசர் போட்டு மாட்டிக்கலாமா?

வேண்டாம். 2 இஞ்ச 1 இஞ்ச் ஆக்கினா தண்ணி போற வழி நாலுல ஒரு பங்கு ஆயிடும். அதே அளவு தண்ணி போகணும்னா உரசல் கிட்டத்தட்ட 32 மடங்கு. மேல சொன்ன ஒன்றரை மீட்டர் கணக்கெல்லாம் அப்ப செல்லாது, பம்போட மொத்த சக்தியும் ஹோஸ்லயே செத்துடும். இன்னொன்னு, 35 மி.மீ குப்பைய விடற பம்பு, 25 மி.மீ ஹோஸ், குப்பை எங்க போயி நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சுருட்டி வைக்கற பிளாட் ஹோஸ் நல்லது, வெயிட் இல்ல. ஆனா சுவர் விளிம்புல மடிஞ்சா தண்ணி அப்படியே நின்னுடும், அந்த இடத்துல ஒரு பழைய டயரோ பிவிசி பென்டோ கொடுத்து வளைவா கொண்டு போங்க. கிளாம்ப் ரெண்டு போடுங்க, ஒன்னு போட்டா பிரஷர்ல கழண்டுக்கும்.

தண்ணி நிக்குது, நான் உள்ள இறங்கி பம்ப வெச்சு சுவிட்ச் போடலாமா?

இது ஒன்ன மட்டும் படிச்சுட்டு மத்தத விட்டாலும் பரவாயில்ல. மொதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க. மீட்டர் போர்டே தண்ணிக்குள்ள இருந்தா, இல்ல போர்டுக்குப் போகவே தண்ணில நடக்கணும்னா, நீங்க தொடாதீங்க, மின்னகம் 94987 94987க்கு போன் போட்டு ஈபி ஆளுங்கள வெச்சு லைன கட் பண்ணச் சொல்லுங்க. அதுக்கு அப்புறம்தான் தண்ணில கால்.

பம்புக்கு கரண்ட், தண்ணி தொடாத மாடிலேருந்து தனியா ஒரு லைன் எடுங்க. அந்த லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச், கட்டாயம் இருக்கணும். லோடு ஜாஸ்தியானா விழற எம்சிபி இருக்கே போதாதான்னு கேக்கறாங்க, எம்சிபி வயரக் காப்பாத்தும், ஆளக் காப்பாத்தாது. 16 ஆம்பியர் எம்சிபி விழறதுக்கு முன்னாடியே மனுஷன் உயிர் போயிடும், நம்மள கொல்றதுக்கு அதுல நூறுல ஒரு பங்கு கூட வேண்டாம். ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன் இருக்கும், அமுக்கினா டக்குனு விழணும், விழலன்னா அது சும்மா பிளாஸ்டிக் டப்பா.

எர்த் பின்ன ஒடச்சுட்டு ரெண்டு பின் சாக்கெட்ல சொருகறத பாத்திருக்கேன், தயவுசெஞ்சு செய்யாதீங்க. கேபிள் பத்தலன்னா ஜாயின்ட் தண்ணிக்கு மேலதான் இருக்கணும். 2023ல எங்க தெருக்கோடில ஒருத்தர், பம்ப் ஓடிட்டு இருக்கும்போதே கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னு குனிஞ்சிருக்காரு. விரல் தண்ணில பட்டதும் முழங்கை வரைக்கும் சுர்ருனு இழுத்து, பின்னாடி சாஞ்சு ராம்ப்ல விழுந்ததால பொழச்சாரு. கேபிள்ல கருப்பு டேப் சுத்தின ஜாயின்ட் தண்ணிக்குள்ள கிடந்துச்சு, டேப்ப பிரிச்சா உள்ள செம்பு பச்சையா பூத்திருந்துச்சு. நகத்துறதோ குப்பை எடுக்கறதோ எதுவா இருந்தாலும் பிளக்க கழட்டி கைல வெச்சுக்கிட்டு செய்யுங்க.

ரெண்டு நாளா இறைக்கறோம், தண்ணி குறையவே மாட்டேங்குது, பம்ப் மோசமா?

பம்ப் மேல தப்பு இருக்காது. வெளிய இருக்கற தண்ணியும் உள்ள இருக்கற தண்ணியும் ஒரே மட்டத்துல இருந்தா, நீங்க பார்க்கிங்க இறைக்கல, தெருவையே இறைச்சுட்டு இருக்கீங்க. எங்க பக்கத்துல வடியற தண்ணி பள்ளிக்கரணை சதுப்புக்குப் போயி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போயி, முட்டுக்காடு பக்கம் கடல்ல சேரணும். சதுப்பே ததும்பி நிக்கறப்ப நம்ம தெருத்தண்ணி எங்க போகும்? மொதல்ல கேட்ல மணல் மூட்டை அடுக்கி, நடுவுல தார்ப்பாய் கொடுத்து, வர்றத நிறுத்துங்க. பாத்ரூம் தரைல இருக்கற டிரெயின் ஓட்டை வழியா வருதான்னும் பாருங்க, அங்க துணிய பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அமுக்கி மேல கல்லு வைக்கணும். வரத்து நின்னதுக்கு அப்புறம் போட்ட பம்ப் ஒரு ராத்திரில முடிச்சுடும்.

ஹோஸ் வாய எங்க வெச்சிருக்கீங்கன்னும் பாருங்க. கேட்டுக்கு வெளிய ரெண்டடில விட்டா அது சுத்தி திரும்ப உங்ககிட்டயே வரும். மழைநீர் வடிகால் ஓடிட்டு இருந்தா அதுல விடுங்க, அடைச்சிருந்தா மாநகராட்சி 1913ல சொல்லுங்க. சாக்கடை மேன்ஹோல தூக்கி அதுல விடறது பெரிய தப்பு, அந்த லைன்ல மழைத்தண்ணி நெறைஞ்சா தெருவுல தரைத்தளத்துல இருக்கறவங்க டாய்லெட் வழியா சாக்கடைத் தண்ணி மேல வந்துடும், அதுல வயசானவங்க இருக்கற வீடும் இருக்கும்.

பேஸ்மென்ட் கழுத்து வரைக்கும் ரொம்பிருக்கு, ரெண்டு மூணு பம்ப் வெச்சு ஒரே மூச்சுல காலி பண்ணிடலாம்ல?

இதுலதான் அவசரப்படக் கூடாது. சுவத்துக்கு அந்தப் பக்கம் மண்ணு முழுக்க ஊறி தண்ணியா நிக்குது. உள்ள இருக்கற தண்ணி அந்தப் பக்க அழுத்தத்த தாங்கி பிடிச்சுட்டு இருக்கு. ஒரு மீட்டர் தண்ணின்னா தரைல ஒரு சதுர மீட்டருக்கு 1000 கிலோ, அதே அளவு கீழேருந்து மேல தள்ளும். உள்ள சட்டுனு காலி பண்ணினா தரை மேல எழும்பும், சுவர் உள்பக்கம் விரிசல் விடும். ஒரு நாளைக்கு மூணுல ஒரு பங்கு இறைங்க, சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு நிறுத்துங்க. மறுநாள் காலைல தண்ணி கோட்டுக்கு மேல வந்திருந்தா மண்ணுத் தண்ணி இன்னும் இறங்கல, காத்திருங்க. கோட்டுக்கு மேல ஏறலன்னு தெரிஞ்சா தொடர்ந்து இறைங்க.

இதே காரணத்துக்காக மழை நேரத்துல தரைக்குள்ள புதைச்ச ஃபைபர் டேங்க், சின்டெக்ஸ் மாதிரி டேங்க் எதையும் முழுசா காலி பண்ணாதீங்க, வெறும் டேங்க் படகு மாதிரி மண்ணப் பொளந்துட்டு மேல வந்துடும்.

பம்ப் ஓடற சத்தம் நல்லா கேக்குது, ஆனா ஒரு சொட்டு கூட வரல

மொதல்ல ஹோஸ் முழுசும் கையால தடவிட்டே போங்க, எங்கயாவது மடிஞ்சிருக்கும். அது இல்லன்னா ஏர் லாக். பம்ப நேரா தொப்புனு தண்ணில போட்டா உள்ள இருந்த காத்து மாட்டிக்கும். பிளக்க கழட்டிட்டு, கயிறப் பிடிச்சு பம்ப சாய்ச்சு மெதுவா ஆட்டுங்க, குமிழி குமிழியா வரும், நின்னதும் நிமித்தி போடுங்க. பைப்புல தண்ணி திரும்பி வராம தடுக்கற நான்-ரிட்டர்ன் வால்வ் மாட்டியிருந்தா அதுக்குக் கீழ பைப்புல 3 மி.மீ ஓட்டை ஒன்னு போட்டு வெச்சா காத்து தானா போயிடும், கொஞ்சூண்டு தண்ணி பீச்சும், பரவாயில்ல.

த்ரீ பேஸ் பம்ப்னா தலைகீழா சுத்தலாம், அப்பவும் சத்தம் வரும், தண்ணி சரியா ஏறாது, ரெண்டு பேஸ மாத்தி கொடுத்தா சரி. இதெல்லாம் பாத்தும் வரலன்னா அடைப்பு, இல்லன்னா எச்பி கேள்வில சொன்ன ஹெட் கணக்கு தப்பிருக்கு. ஹோஸ் வாய தரைக்கு இறக்கிப் பாருங்க, அப்ப தண்ணி கொட்டினா ஹெட்தான் பிரச்சனை.

சுத்தவே மாட்டேங்குது, ம்ம்ம்னு உறுமிட்டு நின்னுடுது, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி உறுமுது

உடனே பிளக்க கழட்டுங்க. இந்த மாதிரி பம்புக்குள்ள சூடானா தானா கட் ஆகி, ஆறினதும் தானா ஆன் ஆகற ஒரு சுவிட்ச் இருக்கும். நின்னுடுச்சுன்னு கைய உள்ள விட்டவங்களோட விரல் போயிருக்கு.

கழட்டினதும் கீழ இருக்கற சல்லடைய எடுத்துட்டு ஸ்க்ரூ டிரைவரால இம்பெல்லர சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தா குப்பை. ஈசியா சுத்தினா கெப்பாசிட்டர் போயிருக்கும், இல்ல வோல்டேஜ் கம்மி. மழைல தெருவே பம்ப் போடறப்ப 230 இருக்க வேண்டிய இடத்துல 170, 180தான் வரும், அதுல ஓட்டினா காயில் கருகிடும். மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயரும் இதையே பண்ணும், 30 மீட்டர் தாண்டினா 2.5 சதுர மி.மீ காப்பர் வயர் போடுங்க.

ஆர்சிசிபி விழுந்துட்டே இருக்கு, எலக்ட்ரீஷியன் டைரக்ட் கொடுத்துடலாம்னு சொல்றாரு

கூடாதுங்க. அது விழறதே கரண்ட் தண்ணில கசியுதுன்னு உங்களுக்குச் சொல்றதுக்குத்தான். கேபிள்ல வெட்டு இருக்கா பாருங்க, இல்லன்னா சீல் போயி தண்ணி மோட்டார்க்குள்ள போயிருக்கு. ஆயில் டைப் பம்ப்னா ஆயில் ஸ்க்ரூவ கழட்டி ஒரு ஸ்பூன் டம்ளர்ல ஊத்திப் பாருங்க. தெளிவா தேங்கா எண்ணெய் மாதிரி இருந்தா நல்லது. பால் டீ மாதிரி வெளுத்து வந்தா தண்ணி கலந்துடுச்சு. அந்த நிலைமைல கொண்டு வந்தா சீல் மாத்தி, காயில காய வெச்சு, மெக்கர்ல (கரண்ட் கசியுதான்னு பாக்கற மீட்டர்) பாத்து கொடுத்துடலாம், செலவு கம்மி. அதையும் மீறி ஓட்டி காயில் எரிஞ்சு வந்தா ரீவைண்டிங்தான், பாதி பம்ப் விலை ஆயிடும்.

எவ்ளோ நேரம் விடாம ஓட்டலாம்? கடைசி சொட்டு வரைக்கும் எடுக்குமா?

பம்ப் முங்கி இருக்கற வரைக்கும் ஓட்டலாம், சுத்தி இருக்கற தண்ணிதான் மோட்டார குளுர வைக்குது. பாதி பம்ப் வெளிய தெரியற அளவு இறங்கிட்டா பத்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்துங்க, தண்ணியே இல்லாம ஓடினா சீல் நிமிஷத்துல கருகும். ஃப்ளோட் சுவிட்ச் இருந்தா தானா நிக்கும், ஆனா அந்த பந்து கயிறு எங்கயும் சிக்காம தொங்கணும், சுவத்து ஓரத்துல சிக்கினா பம்ப் நிக்கவே நிக்காது.

சாதாரண பம்ப் ரெண்டு மூணு இஞ்ச் மிச்சம் வெச்சுடும். அத வைப்பரால ஒரு மூலைக்குத் தள்ளி முகந்து எடுக்கறதுதான் வழி. சேறு இழுக்காம இருக்க எங்க ஆளுங்க பண்றது: தக்காளி கூடை, அதான் ஓட்டை ஓட்டையா இருக்கற பிளாஸ்டிக் க்ரேட், அதுக்குள்ள ஒரு செங்கல், செங்கல் மேல பம்ப். பெரிய குப்பை எல்லாம் கூடை வெளியவே நின்னுடும். வெங்காய சாக்கு மட்டும் சுத்தாதீங்க, அஞ்சு நிமிஷத்துல சேறு அப்பி அடைச்சுடும்.

கரண்ட் இல்ல, இன்வெர்ட்டர்லயோ ஜெனரேட்டர்லயோ ஓடுமா?

வீட்டு இன்வெர்ட்டர்ல ஓடாது. 1 எச்பின்னா 746 வாட்ஸ், அது மோட்டார் வெளிய தர்றது, இழுக்கறது 1100 வாட்ஸ் கிட்ட, ஸ்டார்ட் ஆகும்போது அந்த ஒரு நொடி பல மடங்கு இழுக்கும். ஜெனரேட்டர் 3 கேவிஏ இருந்தா நிம்மதி. ஆனா ஜெனரேட்டர மழைக்கு ஒதுங்கட்டும்னு பேஸ்மென்ட்லயோ மூடின பார்க்கிங்லயோ வைக்காதீங்க. அதோட புகைல கார்பன் மோனாக்சைடு இருக்கு, வாசனையே தெரியாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், ஆள் எழுந்திருக்க மாட்டாங்க. மொட்டை மாடில ஷீட்டுக்கு கீழ, காத்து வர்ற இடத்துல, ஜன்னலுக்கு தூரமா வைங்க.

செப்டிக் டேங்க் ரொம்பிடுச்சு, சீவேஜ் பம்ப்தான் இருக்கே, ஆள இறக்கி காலி பண்ணிடலாமா?

ஆள இறக்கற பேச்சே வேண்டாம். கையால மலம் அள்ள ஆள் வைக்கறத தடை பண்ற 2013 சட்டப்படி அது குற்றம், அதவிட முக்கியம், உள்ள இருக்கற வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு மொதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், ஜாஸ்தியானா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாது, ஒரு மூச்சுல விழுந்துடுவாங்க, காப்பாத்த இறங்கறவரும் விழுவாரு. பம்ப் உள்ள மாட்டிக்கிச்சு, கயிறு அறுந்துடுச்சுன்னாலும் இறங்காதீங்க, பம்ப் போனா போகட்டும். மீத்தேனும் இருக்கும், சாதாரண பம்ப், ஜாயின்ட் வயர்லேருந்து பொறி வந்தா வெடிக்கும். லைசென்ஸ் இருக்கற கழிவுநீர் லாரிய கூப்பிடுங்க.

தண்ணி இறைச்சு முடிச்சுட்டோம், பம்ப அப்படியே பரண்ல போட்டுடலாமா?

பரண்ல போடறதுக்கு முன்னாடி ஒரு டிரம்ல நல்ல தண்ணி ரொப்பி அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, உள்ள இருக்கற சேறு காய்ஞ்சா சிமென்ட் மாதிரி ஆயிடும். கேபிளப் பிடிச்சு தூக்காதீங்க, தொங்கவும் விடாதீங்க, கேபிள் உள்ள போற இடத்துல இருக்கற ரப்பர் தளர்ந்தா தண்ணி போற வழி அதுதான். கைப்பிடில நைலான் கயிறு கட்டி அதுலதான் ஏத்தி இறக்கணும். இறங்கி வேலை பாத்தவங்க கால்ல வெட்டுக்காயம் இருந்து, ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், மழைத்தண்ணில நின்னேன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும்.

மாசத்துக்கு ஒரு தடவ சல்லடைய கழட்டி இம்பெல்லர ஸ்க்ரூ டிரைவரால ஒரு சுத்து சுத்தி விடுங்க, சீல் ஒட்டிக்காம இருக்கும். புரட்டாசி கடைசில திரும்ப டிரம்ல போட்டு, ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்கி, ஹோஸ மாட்டி ஓட்டிப் பாருங்க. அப்ப ரிப்பேர்னு வந்தா ரெண்டு நாள்ல கொடுத்துடுவேன். மழை பெய்யற அன்னைக்கு வந்தா உங்களுக்கு முன்னாடி இருபது பம்ப் வரிசைல இருக்கும்.